உதவிப் பயிற்சியாளராகவே இருக்கட்டும்

2005ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி, ஐஸ் ஹாக்கி சீசன் பாதியைக்கூட எட்டாத நிலையில், நியூஜெர்சி டெவில்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து லேரி ராபின்சன் விலகினார். வேலையின் நெருக்கடி உடல்நலத்தைத் தின்கிறது என்பதே அவர் சொன்ன காரணம். அதுவரை ஆடிய 32 ஆட்டங்களில் அணி 14இல்தான் வென்றிருந்தது. அவருக்கு அப்போது வயது 54. ஆட்டக்காரராக ஆறு முறையும் தலைமைப் பயிற்சியாளராக ஒரு முறையும் இந்த ஆட்டத்தின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர். 1995லேயே ஹாக்கி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர். அப்படிப்பட்டவர் சீசன் நடுவே எழுந்து போனதும், பிறகு அடுத்தவரின் கீழ் உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்ததும் ஒரு பெரிய ஆட்டக்காரரின் சறுக்கலாகத்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. எனக்கு அது அவருடைய வாழ்க்கையிலேயே மிகத் தெளிவான முடிவாகப் படுகிறது. தலைமைப் பயிற்சியாளர் பதவியை உதவிப் பயிற்சியாளர் பதவிக்கு மேற்படியாக நினைப்பதால்தான் அது சறுக்கலாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே ஏணியின் படிகள் அல்ல, வேறு வேறு வேலைகள். ஒன்றில் தேர்ந்தவர் மற்றதிலும் தேற வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஹாக்கி என்றால் நம் வாசகர்களுக்குப் புல்தரையும் தயான்சந்தும்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஆட்டம். பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், மூன்று முன்கள வீரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். பந்துக்குப் பதில் ‘பக்’ என்னும் ரப்பர் வட்டு. ஒருவர் தொடர்ந்து களத்தில் இருப்பது முக்கால் நிமிடம், ஒரு நிமிடம். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டி ஆள் மாறிக்கொள்வார்கள். இதில் தடுப்பாட்டக்காரரின் பாடுதான் விசித்திரமானது. எதிராளி முழு வேகத்தில் முன்னோக்கி வருவார். இவர் அதே வேகத்தில் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அவரைச் சமாளிக்க வேண்டும். இடைவெளி ஒரு மட்டையின் நீளத்தைவிடக் கூடினால் அவர் நின்று குறிபார்த்து அடித்துவிடுவார், குறைந்தால் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போய்விடுவார். கண் வட்டின் மேல் போகக் கூடாது, அது ஏமாற்றும். நெஞ்சைப் பார்க்க வேண்டும், நெஞ்சு போகும் திசையில்தான் ஆள் போவார். கோலுக்கு நேரான பாதையை அடைத்து, மட்டையை நீட்டி, அவரைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். கோல் போடுவதில் பிறவித் திறமைக்குப் பெரிய பங்கு உண்டு. தடுப்பாட்டம் பெரும்பாலும் கற்றுக்கொண்டு வருவது. அதனால்தான் அதைக் கற்றுக்கொடுக்கவும் முடிகிறது.

ராபின்சன் கற்றுக்கொண்டவர்தான். ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்த பையன். இளம் வயதில் முன்கள ஆட்டக்காரராக இருந்து பின்னர் தடுப்புக்கு மாறியவர். 1971இல், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் தேர்வில், மான்ட்ரியல் கனடியன்ஸ் அணி அவரை இருபதாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. ஆறடி நான்கங்குல உயரம், அதற்கேற்ற எடை, இரண்டையும் பனியில் அடக்கியாளும் பழக்கம் இன்னும் கைவரவில்லை. ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்த துணை அணியில் ஒன்றரை ஆண்டு பழகிவிட்டுத்தான் மேலே வந்தார். அதன்பின் செர்ஜ் சவார்ட், கீ லாபாயின்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் அமைத்த தடுப்பு மும்மூர்த்தி, 1970களின் மான்ட்ரியலை ஏறக்குறைய வெல்ல முடியாத அணியாக்கியது. 1976-77 சீசனில் அந்த அணி 80 ஆட்டங்களில் எட்டில் மட்டுமே தோற்றது. அந்த ஆண்டு ராபின்சனின் ‘பிளஸ்-மைனஸ்’ கணக்கு 120. சரிசம ஆட்கள் ஆடும்போது தன் அணி கோல் போடுகையில் களத்தில் இருந்தால் ஒன்று கூடும், கோல் வாங்குகையில் இருந்தால் ஒன்று குறையும், அதுதான் கணக்கு. நல்ல அணியில் ஆடுகிறவருக்கு இந்தக் கணக்கு சலுகை காட்டும் என்பது உண்மை. ஆனாலும் 20 சீசன்களில் 700ஐத் தாண்டிய அவருடைய மொத்தக் கணக்கை இன்றுவரை யாரும் எட்டவில்லை. அந்த இருபதில் ஒரு சீசனில்கூட அவருடைய அணி ப்ளே-ஆஃப் என்னும் கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்கு வராமல் போகவில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருது 1977இலும் 1980இலும் கிடைத்தது. 1978 ப்ளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான்.

இந்தப் புகழையெல்லாம்விட என் வாதத்துக்கு முக்கியமான ஒருவர் அந்த அணியின் பின்னணியில் இருந்தார். கிளோட் ரூவெல். அவரும் தடுப்பாட்டக்காரர்தான். இளைஞராக ஆடும்போதே விபத்தில் ஒரு கண்ணை இழந்ததால் அவருடைய ஆட்ட வாழ்க்கை தொடங்கும் முன்பே முடிந்துபோனது. 1968இல் டோ பிளேக் என்ற மாபெரும் பயிற்சியாளர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் ரூவெலை உட்கார வைத்தார்கள். முதல் சீசனிலேயே, 1969இல், கோப்பையை வென்றுகொடுத்தார். அடுத்த சீசனில் அணி ப்ளே-ஆஃபுக்கே வரவில்லை. அதற்கடுத்த சீசனின் நடுவில், 1970 டிசம்பரில், ரூவெல் தாமாகவே விலகினார். மான்ட்ரியலில் அந்தப் பதவியில் இருப்பவரை ஆங்கிலம், பிரெஞ்சு என இரண்டு மொழிப் பத்திரிகைகளும் தினமும் காலையில் வறுத்தெடுக்கும். அது அவருக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ரூவெல் வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே நிறுவனத்தில் இளைஞர்களைப் பழக்கும் வேலைக்குத் திரும்பினார். மற்றவர்கள் குளித்துவிட்டுக் கிளம்பிய பிறகும் இளம் தடுப்பாட்டக்காரர்களைப் பனியில் நிறுத்தி, வட்டை வாங்குவது, திரும்புவது, அனுப்புவது என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தவர் அவர். அவர் கையில் உருவானவர்களில் ஒருவர்தான் ராபின்சன். 1979 டிசம்பரில் பெர்னி ஜெஃப்ரியான் அதே நெருக்கடி தாங்காமல் முப்பது ஆட்டங்களில் விலகியபோது மறுபடியும் ரூவெலைத்தான் பிடித்து உட்கார வைத்தார்கள். 1981இல் மறுபடியும் விலகினார். கோப்பை வென்ற தலைமைப் பயிற்சியாளர் என்று ரூவெலை நினைவுகூர்பவர்கள் குறைவு. அவர் வார்த்தெடுத்த தடுப்பாட்டக்காரர்களை ஹாக்கி உலகமே அறியும்.

ரூவெலுக்கும் ராபின்சனுக்கும் நடுவில் இன்னொருவர் உண்டு. ரூவெல் விலகியதும் பொறுப்பேற்ற அல் மக்னீல், இவரும் முன்னாள் தடுப்பாட்டக்காரர்தான், 1971இல் கோப்பையை வென்றார். இறுதிச் சுற்றில் ஆட்டநேரத்தைக் குறைத்ததற்காக அணியின் மூத்த நட்சத்திரம் ஹென்றி ரிச்சர்ட் அவரைத் திறமையற்றவர் என்று பகிரங்கமாகவே தாக்கினார். மான்ட்ரியலில் அது மொழிச் சண்டையாகவும் கிளம்பி, கொலை மிரட்டல்வரை போனது. கோப்பை வென்ற அதே கோடையில் மக்னீல் தலைமைப் பதவியை விட்டு ஹாலிஃபாக்ஸ் துணை அணிக்குப் போனார். அங்கே 1972இல் துணை லீக்கின் கால்டர் கோப்பையை வென்றார். அந்த அணியில் ஆடிக்கொண்டிருந்த இளைஞன் ராபின்சன். ஆக, தலைமைப் பதவியை விட்டிறங்கியவர்களிடம்தான் ராபின்சன் பாடம் படித்தார் என்றே சொல்லலாம். முப்பது ஆண்டுகள் கழித்து அவரும் அதையே செய்தபோது அதை வினோதமாகப் பார்த்தவர்கள், மான்ட்ரியலின் சொந்த வரலாற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை.

1992இல் ஓய்வு பெற்ற ராபின்சனை அடுத்த ஆண்டே நியூஜெர்சிக்கு உதவியாளராக அழைத்துக்கொண்டவர் அவருடைய பழைய சகா ஜாக் லெமேர். அங்கே ராபின்சனிடம் ஒப்படைக்கப்பட்டது தடுப்பு வரிசை. முரட்டுத்தனமும் வேகமும் கொண்ட ஸ்காட் ஸ்டீவன்ஸ், காற்றுபோல் சறுக்கும் இளைஞர் ஸ்காட் நீடர்மேயர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத திறமைகள். 1995இல் டெவில்ஸ் இறுதிப் போட்டியில் டெட்ராய்டை நான்குக்குப் பூஜ்யம் என்று துடைத்தெறிந்து முதல் கோப்பையை வென்றது. எதிரணியின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன், லெமேரையும் ராபின்சனையும் மான்ட்ரியலில் ஆட்டிவைத்த அதே குரு. இப்படி ஒரு உதவியாளர் கிடைத்தால் அடுத்து என்ன நடக்கும்? நல்ல கணக்கு வாத்தியாரைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்புவதுதான் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. முதல் சீசன் முடிவதற்குள் தன் பெரும் நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியை அந்த அணி வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டது. நான்கு ஆண்டுகளில் 328 ஆட்டங்கள், 122 வெற்றி, 161 தோல்வி. ப்ளே-ஆஃபுக்கு வந்தது ஒரே ஒரு முறை, அதிலும் முதல் சுற்றிலேயே நான்கு ஆட்டங்களும் தோல்வி. 1999இல் பதவி போனது. அந்த அணியை வைத்துக்கொண்டு யாராலும் அதிகம் சாதித்திருக்க முடியாது என்பது நியாயமான வாதம். நானும் இந்த நான்கு ஆண்டுகளைப் பெரிய சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய சாட்சியம் 2000ஆம் ஆண்டு. என் வாதத்தை எதிர்ப்பவர்கள் முதலில் எடுத்துப்போடும் சீட்டும் அதுதான். மறுபடியும் நியூஜெர்சியில் உதவியாளராகச் சேர்ந்திருந்த ராபின்சனை, சீசன் முடிய எட்டு ஆட்டங்களே மிச்சமிருக்கும்போது, பொதுமேலாளர் லூ லாமொரியல்லோ தலைமைப் பயிற்சியாளராக்கினார். 41 ஆட்டங்களில் வென்றிருந்த அணியின் பயிற்சியாளர் ராபி ஃப்டோரெக்கை நீக்கிவிட்டுத்தான் இந்த நியமனம். மிச்சமிருந்த எட்டில் நான்கில் தோல்வி. ஆனால் ப்ளே-ஆஃபில் அணி எழுந்துகொண்டது. ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான மாநாட்டு (லீக்கின் ஒரு பாதி) இறுதிச் சுற்றில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியபோது, சாதுவான மனிதர் என்று பெயரெடுத்திருந்த ராபின்சன் உடைமாற்றும் அறையில் வெடித்தார். குப்பைத் தொட்டியை எட்டி உதைத்து, ஆட்டக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் டெவில்ஸ் வென்றது. மாநாட்டு இறுதியில் அப்படியொரு பின்னடைவிலிருந்து மீண்ட முதல் அணி அதுதான். இறுதியில் டாலஸை ஆறாவது ஆட்டத்தில் இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஜேசன் ஆர்னாட்டின் கோலால் வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போயிருந்த பீட்டர் சிகோராவின் சட்டையைத் தன் கோட்டின் மேல் மாட்டிக்கொண்டுதான் ராபின்சன் கோப்பையைக் கொண்டாடினார்.

இந்தக் காட்சிகளைக் கூர்ந்து பார்த்தால், வென்றது தலைமைப் பயிற்சியாளர் ராபின்சனா, உதவியாளர் ராபின்சனா என்ற கேள்வி எழும். உதவியாளரிடம்தான் ஆட்டக்காரர் மனம்விட்டுப் பேசுவார். இரவு ஆட்டத்தில் செய்த தவறைக் காணொளியில் ஓட்டிக் காட்டி, திட்டாமல் திருத்துபவர் அவர். யாரை உட்கார வைப்பது, யாரைத் துணை அணிக்கு அனுப்புவது என்ற தீர்ப்பு அவர் கையில் இல்லை. அதனால் அவர் சொல்வதை ஆட்டக்காரர் பயமின்றிக் கேட்கிறார். இப்படி மாதக்கணக்கில் சேர்ந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டுதான் ராபின்சன் அந்த அறைக்குள் போனார். தினமும் கத்துகிறவர் உதைத்திருந்தால் அது வெறும் தொட்டி. கத்தாதவர் உதைத்ததால் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அடிபட்டவரின் சட்டையைப் போட்டுக்கொள்ளத் தோன்றியதும் ஆட்டக்காரர்களோடு ஒருவராக இருந்தவருக்குத்தான். சீசன் நடுவில் வந்த புதியவர்கள் அதே ஆண்டில் கோப்பை வென்ற கதை இந்த லீக்கில் அபூர்வமல்ல. 1971இல் மக்னீல், 2009இல் பிட்ஸ்பர்க்கின் டான் பைல்ஸ்மா, 2019இல் செயின்ட் லூயிஸின் கிரெய்க் பெருபி. கடினமான சோதனை அடுத்த ஆண்டுதான் வருகிறது. தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தொடர்ந்து செய்யும்போது சேர்த்துவைத்த நம்பிக்கை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. புதிதாகச் சேர்க்க அந்தப் பதவியில் வழி குறைவு. 2001இல் டெவில்ஸ் மறுபடியும் இறுதிக்கு வந்து, மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலை பெற்றும் கொலராடோவிடம் தோற்றது. 2002 ஜனவரியில் ராபின்சன் நீக்கப்பட்டார். இரண்டு இறுதிப் போட்டிகள், அதில் ஒரு கோப்பை. அதற்குப் பிறகும் இரண்டாண்டுகூடத் தாங்காத நாற்காலி அது.

தடுப்பாட்டக்காரர்கள் எல்லோருமே தலைமைப் பதவிக்கு லாயக்கற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அல் ஆர்பர் என்ற ஒரே பெயர் என் வாயை அடைத்துவிடும். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிய தடுப்பாட்டக்காரர் அவர். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்று தந்தார். அவருடைய அணி தொடர்ச்சியாக 19 ப்ளே-ஆஃப் சுற்றுகளை வென்றது. ராண்டி கார்லைல் 1981இல் நோரிஸ் விருது பெற்ற நட்சத்திரம், 2007இல் அனஹைம் அணியின் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பையும் வென்றார். ஆனால் இவர்கள் வென்றது நல்ல ஆசிரியர்களாக இருந்ததால் மட்டுமா? கண்டிப்பாக இருக்கவும், பிடிக்காத முடிவை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் அவர்களால் முடிந்தது. அது தனித் திறமை. எதிர்ப்பக்கத்தில் ஃபில் ஹவுஸ்லியைப் பாருங்கள். ஆட்டக்காரராக 1,232 புள்ளிகள் எடுத்த தடுப்பாட்டக்காரர், புகழ் மண்டபத்தில் இருப்பவர். நாஷ்வில் அணியில் நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்து அவர் பழக்கிய தடுப்பு வரிசைதான் 2017இல் அந்த அணியை இறுதிப் போட்டிவரை இழுத்து வந்தது. உடனே பஃபலோ அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. முதல் சீசனில் அணி லீக்கிலேயே கடைசி. இரண்டாம் சீசனில் தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்றுவிட்டுப் பிறகு சரிந்தது. 2019இல் நீக்கம், அதன்பின் மீண்டும் உதவியாளர் வேலை. நாஷ்வில் ஒரு நல்ல ஆசிரியரை இழந்தது, பஃபலோவுக்கும் ஒரு தலைவர் கிடைக்கவில்லை. இன்னும் பின்னால் போனால் டக் ஹார்வி. ஏழு முறை நோரிஸ் விருது வாங்கியவர். 1961-62இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர இருந்து, அணியை ப்ளே-ஆஃபுக்கும் கொண்டுவந்தார். ஒரே சீசனில் பயிற்சியாளர் பொறுப்பை உதறிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். தோழர்களில் ஒருவனாக இருக்க முடியவில்லை என்பதே அவருடைய குறை.

இதற்கு மேல் ஒரு கடினமான ஆட்சேபம் இருக்கிறது. மறுபடியும் அதே பதவிக்கு வந்திருந்த ராபின்சன் 2005இல் தெளிவாக முடிவெடுத்தார் என்பதெல்லாம் பிறகு பூசிய மெருகு, உண்மையில் அவர் மூழ்கும் கப்பலிலிருந்து குதித்தார் என்பது அது. உண்மைகளைப் பார்ப்போம். அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் முந்தைய சீசனே நடக்கவில்லை. திரும்பி வந்தபோது சம்பள உச்சவரம்பு புதிது, தடுப்பாட்டத்தின் பழைய தந்திரங்களைத் தண்டிக்கும் கெடுபிடியும் புதிது. ஸ்டீவன்ஸ் ஓய்வு பெற்றார். நீடர்மேயர் அனஹைமுக்குப் போய்விட்டார். நட்சத்திர முன்கள வீரர் பாட்ரிக் எலியாஷ் மஞ்சள் காமாலையால் படுத்துவிட்டார். நிலைமை மோசம்தான், மறுப்பதற்கில்லை. ஆட்சேபக்காரர்களுக்கு உதவும் இன்னொரு தகவலையும் நானே சொல்லிவிடுகிறேன்: ராபின்சன் போன பிறகு லாமொரியல்லோவே பெஞ்சில் நின்று நடத்திய அதே அணி, எலியாஷும் திரும்பியதும், கடைசிப் பதினோரு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. அதாவது கப்பல் மூழ்கவில்லை. அவர் இருந்திருந்தால் அந்த வெற்றி வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. வந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், தான் அந்த வேலைக்கு அப்போது தடையாக இருப்பதை அணியின் மற்ற எல்லோருக்கும் முன்னால் உணர்ந்தவர் அவர்தான். அதை நீக்கல் கடிதம் வரும்வரை இழுத்தடித்து, ஒப்பந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போகும் வழிதான் இந்தத் தொழிலில் வழக்கம். உடம்பைப் பலிகொடுத்து நாற்காலியில் ஒட்டிக்கொள்வதை உறுதி என்று மெச்சுபவர்கள், அணிக்கு அதனால் என்ன லாபம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து நடந்ததைப் பார்த்தால், அவர் ஓடிப்போனதாகவும் சொல்ல முடியாது. அதே நிறுவனத்தில் தங்கினார். 2012இல் டெவில்ஸ் மறுபடியும் இறுதிக்கு வந்தபோது தலைமைப் பயிற்சியாளர் பீட்டர் டிபோரின் உதவியாளராகப் பெஞ்சில் நின்றார். பிறகு சான் ஹோசேவுக்குப் போய்த் தடுப்பாட்டக்காரர்களைப் பழக்கினார். 2019இல் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் வென்றபோது அந்த அணியின் ஆலோசகர். அது அவர் பங்கேற்ற பத்தாவது கோப்பை. ஆட்டக்காரராக ஆறு போக மிச்சமுள்ள நான்கில், தலைமைப் பயிற்சியாளராக வென்றது ஒன்றே ஒன்று. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, அவருடைய பயிற்சி வாழ்க்கையை 1995-99 கிங்ஸ் தோல்விகளாலும் 2005 விலகலாலும் அளப்பது எந்த நியாயம்?

அணிகள் இப்படி அளப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சம்பளம், பெயர், தொலைக்காட்சிப் பேட்டி எல்லாம் தலைமைப் பயிற்சியாளருக்குத்தான். லீக்கின் ஆண்டுச் சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் அவருக்கே. ஒரு தடுப்பு வரிசையை மூன்று ஆண்டுகளில் உருவாக்கிய உதவியாளருக்கு அப்படி எதுவும் இல்லை. எனவே நல்ல உதவியாளர் முன்னேற வேண்டுமானால் தான் நன்றாகச் செய்யும் வேலையை விட்டாக வேண்டியிருக்கிறது. உதவியாளர்களின் சம்பளம் பல ஆண்டு ஒப்பந்தங்களோடு உயர்ந்தால், தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்படும்போது உதவியாளர்களையும் சேர்த்துத் துடைத்தெறியும் வழக்கம் நின்றால், ஹவுஸ்லி போன்றவர்கள் பஃபலோவின் அழைப்பை மறுக்கத் துணிவார்கள். உயர்வு வேண்டாம் என்று சொல்பவரிடம் லட்சியம் இல்லை என்று முணுமுணுக்கும் பொதுமேலாளர்கள், தங்கள் அணியின் இளம் தடுப்பாட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இந்த ஆட்டத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார்?